‘இன்னும் கொஞ்சம் பெருசா’: வாலாஜாபாத் ஃப்ளெக்ஸ் இலக்கணம்

எழுத்தைப் பற்றித் தொல்காப்பியர் சொல்லாமல் விட்டது குறைவு. ஆனால் ‘மாமா படத்தை வைத்த பிறகு எழுத்துக்கு எவ்வளவு இடம் மிஞ்சும்?’ என்ற வினா அவர் காலத்தில் எழவில்லை. அக்குறையை நீக்க எழுந்ததே இவ்வாய்வு. களம், வாலாஜாபாத் பேருந்து நிலையத்துக்கு அருகே இவ்வாய்வாளர் நடத்தும் டிசைன் கடை. கருவிகள்: ஒரு கம்ப்யூட்டர், கோரல் டிரா, ஒரு டேபிள் ஃபேன், ஒரு ஸ்டூல். ஸ்டூலில் உட்காருபவர் ஒருவர். அவர் பின்னால் நின்று திருத்தம் சொல்பவர் நால்வர்.

மரபு வழுவாமல் எழுத்து, சொல், பொருள் என மூன்று அதிகாரங்கள்.

எழுத்ததிகாரம்

‘வாலாஜாபாத்’ என்பதில் எழுத்து ஐந்து. அவற்றுள் நான்கிற்குத் துணைக்கால் உண்டு. நாலு கால் ஊன்றிய கட்டில் போலக் கிடக்கும் பெயர். எந்த அலங்கார எழுத்தில் வரைந்தாலும் வேலிக்கால் நட்டது போலத்தான் தெரியும். ஒரகடத்துக்குக் காலே கிடையாது. அங்குள்ள கம்பெனி ஷெட்டுகள் போலவே தட்டையாக உட்கார்ந்துகொள்ளும். ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் ஒரு ‘ஸ்ரீ’ வந்து நின்று, மற்ற எழுத்துகளைத் தள்ளி உட்காரச் சொல்லும்.

ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா தம் பெயரை ஒரே ஊரோடு நிறுத்தியிருக்கலாம். ராணிப்பேட்டை மாவட்டத்தில் வாலாஜாபேட்டை, காஞ்சிபுரம் மாவட்டத்தில் வாலாஜாபாத். ‘பாத்’ விழ வேண்டிய இடத்தில் ஒருமுறை ‘பேட்டை’ விழுந்துவிட, கல்யாணத்துக்குப் புறப்பட்ட ஒரு வேன் வேறொரு மாவட்டத்தில் மண்டபம் தேடியது. பிழை நவாப்புடையது என்பதே இவ்வாய்வாளரின் துணிபு. அந்த வீட்டார் துணிபு வேறு.

அடுத்து, 1978. அந்த ஆண்டு எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதுவரை தலையில் துதிக்கையோடு ஓர் எழுத்தின் இடத்திலேயே அடங்கியிருந்த ‘லை’, துதிக்கையை இழந்து சங்கிலிக் கொம்பைப் பக்கத்தில் சேர்த்துக்கொண்டது. விளைவு: ‘தலைவர்’, ‘தலைமை’, ‘முன்னிலை’ மூன்றும் அகலமாயின. தமிழ்நாட்டுப் பேனர்களின் அகலத்துக்கு அரசியல் காரணம் தேடுவோர் இந்த எழுத்தியல் காரணத்தையும் கருதுக.

பாமினி எழுத்துருவைக் கருதாமல் இவ்வதிகாரம் முற்றுப்பெறாது. பாமினியில் அடித்ததை அது இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால், ‘அம்மா’ என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கிலத்தில் சிதறும். பெற்ற தாயை ஒரு கட்சிக்காரரின் இனிஷியல் போல ஆக்கிவிடும் எழுத்துரு வேறெங்கும் உண்டா என்பது மேலாய்வுக்கு உரியது.

சொல்லதிகாரம்

வாடிக்கையாளர் மொழிக்கு நேர்ப்பொருள் கொள்ளுதல் கூடாது. ‘சிம்பிளா இருக்கணும், ஆனா கிராண்டா தெரியணும்’ என்பது முரண்தொடை. ‘லைட்டா மாத்துனா போதும்’ என்றால் முழுவதையும் அழி. ‘அஞ்சு நிமிஷ வேலைதானே’ என்பது காலத்தைக் குறிப்பதன்று. தரப்போகும் தொகையைக் குறிப்பது. ‘நீங்களே பாத்து நல்லா பண்ணுங்கண்ணா’ என்று ஒருவர் சொல்லிப் போனால், மாலையில் அந்த நால்வரோடு வருவார் என்று உணர்க.

நிறச்சொற்கள் தனி இயல். உலகத்து டிசைனர்கள் நிறத்துக்குப் பான்டோன் எண் சொல்வார்கள். பக்கத்து அய்யம்பேட்டையிலிருந்து வரும் நெசவுக்குடும்பத்தார் அரக்கு, ராமர் பச்சை, எம்.எஸ். ப்ளூ என்பார்கள். எம்.எஸ். சுப்புலட்சுமியின் புடவையால் பெயர் பெற்ற அந்த நீலத்தைத் தறியில் கொண்டுவந்தவர் காஞ்சிபுரத்து நெசவாளர். ஃப்ளெக்ஸில் கொண்டுவர இன்னும் எவராலும் முடியவில்லை. மானிட்டரில் ஒரு நீலம், வாட்ஸ்அப்பில் ஒரு நீலம், மிஷினில் வரும்போது கத்திரிக்காய்.

புத்தக அட்டை ஆண்டுக்கு ஒன்றிரண்டு வரும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் கவிதைத் தொகுப்புக்கு ‘ஆதிமூலம் மாதிரி’ தலைப்பு வேண்டும் என்றார். ஓவியர் கே. எம். ஆதிமூலம் (1938–2008) கையால் எழுதிய தலைப்புகளுக்குச் சிறுபத்திரிகை உலகில் தனி மரியாதை. ஒரு கோடு கூடாது, ஒரு கோடு குறையாது. மூன்று இரவு தூரிகை பிடித்து, நடுங்கி நடுங்கி ஒன்று எழுதிக் கொடுத்தேன். (ஆய்வாளர் இங்கே தன்மையில் பேசிவிட்டார், மன்னிக்க.) ஆசிரியர் நெடுநேரம் பார்த்தார். “நல்லாருக்கு தம்பி. கீழ ஒரு நிலா, ஒரு புறா, ஒரு பேனா வெச்சிடுங்க” என்றார்.

இனி, ஆய்வின் மையமான ‘இன்னும் கொஞ்சம் பெருசா’. இதை அளவுப்பெயர் எனக் கொண்டு முதல் சில ஆண்டுகள் இவ்வாய்வாளர் மோசம் போனார். அச்சில் எழுத்தை பாயின்டில் அளப்பார்கள். 72 பாயின்ட் ஓர் அங்குலம். ஃப்ளெக்ஸை அடியில் அளப்பார்கள். ‘பெருசு’ இவ்விரண்டிலும் அளக்கப்படுவதன்று. அது உறவில் அளக்கப்படுவது.

சான்று: ஒரு காதணி விழா, 10க்கு 8 அடி. குழந்தையின் முகம் நடுவில், பெரிய வட்டத்தில். தாய்மாமன் இருவர் இரு பக்கமும். முதல் திருத்தம்: “இன்னாபா, சீர் எடுத்துனு வர மாமன் இவ்ளோ சின்னதா கீறாரு?” மாமன் உயர்ந்தார். உடனே இளைய மாமனும் உயர வேண்டியதாயிற்று. பிறவியில் அவர் அரையடி குள்ளம், ஃப்ளெக்ஸில் அண்ணனுக்குச் சமம். பிறகு பெரியப்பா, ஒன்றுவிட்ட சித்தப்பா, மாமனின் நண்பர்கள் பதினோரு பேர் கூலிங்கிளாஸோடு வந்தனர். குழந்தையின் வட்டம் தட்டாகி, தோசைக்கல்லாகி இருக்க வேண்டியது, பத்து ரூபாய் நாணயமானது. இறுதியில் நால்வருள் ஒருவர் வழி சொன்னார்: “இடம் பத்தலன்னா கொழந்தைய எடுத்துருங்க. யாருக்குக் காது குத்தறோம்னு எல்லாருக்கும் தெரியுமே.”

கடைப் பெயர்ப்பலகையில் தமிழ், ஆங்கிலம், பிறமொழி 5:3:2 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்று அரசு விதி இருக்கிறது. மொழிகளுக்கு வகுத்தவர்கள் மாமன்களுக்கு வகுக்கவில்லை.

ஒரகடம் சாலையிலேயே எதிர்ச்சான்றும் உண்டு. ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசான், 2012இல் டெய்ம்லர் என்று ஆலைகள் வந்தன. அத்தகைய கம்பெனிகளின் லோகோவுக்குக் கையேடு இருக்கும். சுற்றிலும் இத்தனை வெற்றிடம், இன்ன நிறம், மயிரிழை நகரக்கூடாது. ஆயுத பூஜைக்கு முன்தினம் கான்ட்ராக்ட் பையன்கள் கடைக்கு வந்து, எந்தக் கம்பெனி லோகோவானாலும் அதைப் பக்கவாட்டில் இழுத்து, சாமந்தி மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைக்கச் சொல்வார்கள். வெற்றிடத்தில் பூசணிக்காய். இவ்வாய்வாளர் கையேட்டைப் படித்தவர்தான். ஆனாலும் பொட்டு வைத்த லோகோவே களையாக இருக்கிறது என்று பதிவு செய்கிறார்.

பொருளதிகாரம்

இவ்வதிகாரம் சிறியது. காரணம், பொருளின் அளவு. ஃப்ளெக்ஸுக்குச் சதுர அடிக் கணக்கில் காசு உண்டு. டிசைனுக்கு, ‘அதான் ஃப்ளெக்ஸுக்குக் குடுத்துட்டமே.’

காதணி விழா முடிந்து சில வாரம் கழித்து, ஒரகடம் ரோட்டில் மழைக்கு ஒதுங்கியபோது மேற்படி ஃப்ளெக்ஸை மறுபடி காண நேர்ந்தது. டீக்கடைக்கு முன்தாழ்வாரமாகியிருந்தது. அச்சுப் பக்கம் கீழே பார்த்தபடி கட்டியிருந்ததால், பெஞ்சில் உட்கார்ந்து அண்ணாந்தால் இரண்டு மாமன்களும் ஆகாயத்திலிருந்து கும்பிட்டார்கள். ஊர்ப்பெயரின் நான்கு கால்களுள் இரண்டில் கயிற்றுக்காக ஓட்டை போட்டிருந்தார்கள். ‘இது நான் எழுதினதுதான்’ என்று டீக்கடைக்காரம்மாவிடம் சொன்னேன்.

அவர் அண்ணாந்து பார்த்தார். அடுப்புப் பக்கம் சாரல் அடித்துக்கொண்டிருந்தது.

“இன்னும் கொஞ்சம் பெருசா அடிச்சிருக்கலாம்பா” என்றார்.