பதவி இறங்கிய நெடுஞ்சாலைகள்

நெடுஞ்சாலை ஓர மதுக்கடைகளை அகற்றக் கோரி வழக்கறிஞர் கே. பாலு சென்னை உயர் நீதிமன்றம் போனார். அங்கு வந்த உத்தரவை எதிர்த்துத் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றம் போனது. 2016 டிசம்பர் 15 அன்று வந்த தீர்ப்பு நாடு முழுவதற்கும் பொருந்தியது: 500 மீட்டருக்குள் கடை கூடாது. கடையை நகர்த்துவது செலவு; சாலையின் வகையை மாற்ற ஓர் அரசாணை போதும். பல மாநிலங்களில் நெடுஞ்சாலைகள் மாவட்டச் சாலைகளாகவும் நகரச் சாலைகளாகவும் பதவி இறங்கின. லாரிகளுக்குத்தான் தகவல் எட்டவில்லை, பழைய வேகத்திலேயே ஓடின. கேரளத்தின் வடக்குப் பரவூரில் ஒரு பார், வாசலுக்குப் போகும் பாதையை வளைத்து வளைத்துக் கட்டித் தூரத்தைக் கூட்டிக்கொண்டது. (போகும்போது நடந்துவிடலாம், திரும்பும்போதுதான் சோதனை.) 2017 ஜூலையில், நகராட்சிப் பகுதிகளில் உள்ள கடைகளுக்குத் தடை பொருந்தாது என்று நீதிமன்றமே தெளிவுபடுத்தியது.