மச்சினன் கையில் கயிறு

நடிகர் ஃபகத் ஃபாசில் 2024இல், தன் 41ஆம் வயதில் தனக்கு ஏ.டி.ஹெச்.டி. என்னும் கவனச்சிதறல் கோளாறு இருப்பது தெரியவந்ததாக வெளிப்படையாகச் சொன்னார். அன்றிலிருந்து என் சீக்குக்கும் ஓர் அந்தஸ்து வந்துவிட்டது. அதுவரை வீட்டில் அதன் பெயர் 'வெளங்காத்தனம்'.

டாக்டர் எனக்கும் அதையே எழுதிக் கொடுத்ததும், இது குறையே இல்லை, திறமை என்று மனைவியிடம் நிரூபிக்கக் கிளம்பினேன்.

"நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸுக்கும் சின்ன வயசிலேர்ந்து இதுதான். ஒலிம்பிக்ல 28 மெடல்."

"அவரு தண்ணியில இறங்கினா கரையேறத் தெரிஞ்சவரு. நீங்க மோட்டாரைப் போட்டுட்டு எங்க போனீங்க?"

மாடித் தொட்டி வழிந்து தெருவுக்கே வந்திருந்தது. நான் விடாமல் கென்யாவுக்குத் தாவினேன். அங்கே அரியால் மக்களைப் பற்றி 2008இல் ஓர் ஆய்வு வந்தது. இந்தக் கோளாறோடு சேர்த்துப் பேசப்படும் ஒரு மரபணு மாறுபாடு உள்ள ஆண்களில், கால்நடையோடு அலைந்தவர்கள் உடம்பு தேறி இருந்தார்கள். ஊரில் குடியமர்ந்தவர்கள் மெலிந்திருந்தார்கள். ஆக, கோளாறு என்னிடம் இல்லை, என் நாற்காலியில்தான். (ஒரே மரபணு ஆளைத் தீர்மானித்துவிடாது என்பதை அவளிடம் நான் எதற்குச் சொல்ல?)

"மெலிஞ்சிருந்தாங்களா?" என்று என் தொந்தியைப் பார்த்தாள்.

திறமையே கிடையாது என்றும் தள்ள முடியாது. தூத்துக்குடித் துறைமுகத்துப் பக்கம் கிளியரிங் ஆபீஸில் வேலை. கப்பல் கிளம்பும் நேரம் நெருங்கி, கன்டெய்னர் கேட்டில் மாட்டி, எல்லாரும் கையைப் பிசையும்போது எனக்கு மட்டும் தலை தெளிந்துவிடும். அவசரமில்லாத ஃபைல் என்றால் அது வாரக்கணக்கில் டீ கிளாஸைத் தாங்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாளை மீன் வாங்க அனுப்பினாள். திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிற பெரியவர் ஒருவர் கிடைத்தார். கம்ப்ரசர் ஓஸை வாயில் கடித்துக்கொண்டு இறங்குவதில் ஆரம்பித்து, 1961க்குப் பிறகு இங்கே நடக்காத முத்துக்குளிப்புக்கு வந்தோம். குளிக்கிறவன் கல்லில் கால் வைத்து இறங்குவான். மேலே தோணியில் கயிறு பிடிக்கிறவன் அவனுக்கு மச்சினனாக இருக்க வேண்டுமாம். அக்கா தாலி ஆச்சே, கை தளராது! நேரம் போனதே தெரியவில்லை. புளி கரைத்து வைத்துக் காத்திருந்தவளுக்கு நான் கொண்டுபோய்க் கொடுத்தது கால் கிலோ மக்ரூன்.

முத்துக்குளித்தவனைத்தான் ஊர் பேசும். கயிறு பிடித்தவனை யார் விசாரித்தார்கள்? என் திறமையும் அந்த லட்சணத்தில்தான் கரையேறுகிறது. கரண்ட் பில், பையன் ஃபீஸ், கேஸ் புக்கிங், என் மாத்திரை எல்லாம் அவள் பிடியில். திறமை என்று தாராளமாகக் கொண்டாடலாம்; மாலையில் பாதியை அவள் கழுத்தில் போட வேண்டும்.

இதை அவளிடமே உருகிச் சொன்னேன்.

"மாலையெல்லாம் வேண்டாம். ஒரு வாரம் அம்மா வீட்டுல இருந்துட்டு வாரேன். கயிறு பிடிக்க என் தம்பியை வரச் சொல்லியிருக்கேன்."

மச்சினன் வந்தான். வாசலிலிருந்தே குரல் கொடுத்தான்: "அத்தான், உங்க வண்டி ஆஃப் பண்ணாம ஓடிக்கிட்டு நிக்கு!"