கடலுக்குக் கூட்டிக்கினு போறியாமே?

இன்னா நைனா, அம்மா அப்பாவை சிங்கப்பூருக்கு வரவழைச்சு செந்தோசா கடற்கரையில ரூம் போட்டிருக்கியாமே? நல்லா இருப்பா. திருப்பாச்சூர் பூராவும் இதே பேச்சுதான். வாசீஸ்வரர் கோயில் வாசல்ல பூ விக்கிறவளுக்குக்கூட உங்கம்மா சொல்லிட்டா. எனக்குத்தான் கடைசியா தெரிஞ்சுது. கூடப் பொறந்த அண்ணன்தானே, பரவால்ல.

நம்ம ஜில்லாவுலயே பழவேற்காடு இருக்குது. இந்தப் பக்கம் ஏரி, அந்தப் பக்கம் கடல். டச்சுக்காரன் 1613-லயே கோட்டை கட்டிக்கினு குந்துன எடம். நீ புது பைக் வாங்குனப்ப, ஒரு ஞாயித்துக்கிழமை இவங்கள அங்க கூட்டிக்கினு போடான்னேன். "வெயிலு பெரிப்பா"ன்ன. இப்ப பிளேன் ஏத்திக் கொண்டுபோய் வெயில் காய வெக்கிற. அதுக்கும் ஒரு கொடுப்பினை வேணும்.

உங்கப்பனை சாய்வு நாற்காலியில படுக்கப் போட்டு, "ரிலாக்ஸா இருப்பா"ன்னு சொல்லுவ. சொல்லு. காக்களூர் எஸ்டேட்டுல நைட் ஷிப்ட்டே பார்த்த உடம்பு அது. சும்மா குந்துனா சூப்பர்வைசர் வந்துருவான்னு இன்னும் திரும்பித் திரும்பிப் பாக்கும். அவனை அவன் போக்குல விடு. கடல்ல வரிசையா நிக்குற கப்பலை எண்ணுவான், எதுல இன்னா சரக்குன்னு உன்னைக் கேப்பான். தெரியலன்னா தெரியலன்னு சொல்லு, கூகுளைத் தட்டாத. அந்தக் கடற்கரை மணலே வெளியிலேர்ந்து கொண்டாந்து கொட்டுனதுன்னு மட்டும் சொல்லிவெய்யி. கொசஸ்தலையாத்துல மணலை அள்ளிக்கினு போறதைத்தான் பாத்திருக்கான், கொண்டாந்து கொட்டுற ஊரை எங்க பாத்தான்? மூணு நாளும் அதையே பேசுவான்.

இன்னொண்ணு. "அப்பா காலையில ஏழு மணி வரைக்கும் தூங்குறாரு, லீவு நல்லா ஒத்துக்கிச்சு"ன்னு குடும்ப குரூப்புல போட்டோ போடாத. அங்க ஏழுன்னா இங்க நாலரை. தினம் எழுந்திருக்கிற நேரத்துக்குத்தான் எழுந்திருக்கான், மடையா! எழுந்ததும் காபி குடுக்க ஆளில்லாம ரூம்ல முழிச்சுக்கினு கெடப்பான். ஓட்டல் காபிக்குக் காத்திருக்காம நீயே ஒரு டம்ளர் போட்டுக் குடு, உன் கை தேஞ்சுபோகாது. பொடியை உங்கம்மாவே கொண்டாந்திருப்பா. அவன் மெல்லுற புகையிலையை மட்டும் இங்கயே புடுங்கி வெச்சுக்கச் சொல்லு, அந்த ஊர்ல அது தடை. போற வழியில போலீஸ் ஸ்டேஷனையும் சுத்திக் காட்டணும்னு உனக்கு ஆசையிருந்தா அது வேற.

உங்கம்மா கதை தனி. அவளுக்குக் கடல்னா முழுக்குப் போடுற எடம். நீ டிக்கெட் போட்ட வாரத்துல அமாவாசை வருதான்னு பாத்தியா? அவ பாத்துட்டா. திருவள்ளூர் வீரராகவர் கோயில் குளத்துல வெல்லம் கரைச்சே பழகுனவ. பெட்டியில துணிக்கு நடுவுல வெல்லம் இருக்கும். புடவையோட எறங்கி மூக்கைப் புடிச்சுக்கினு மூணு முழுக்குப் போடுவா. பக்கத்துல ஜட்டியோட படுத்திருக்குற வெள்ளைக்காரனைப் பாத்துக் கூசாதவன், பெத்தவ ஈரப்புடவையைப் பாத்து ஏன் நெளியணும்? துண்டை எடுத்துக்கினு கரையில நில்லு.

எளநி வாங்குனா வெலையைச் சொல்லித் தொலைக்காத. வெள்ளியை ரூபாயாப் பெருக்கிப் பாத்துட்டாளோ, "நம்ம தோட்டத்துல..."ன்னு ஆரம்பிச்சு ராத்திரி வரைக்கும் நிறுத்தமாட்டா. எளநியும் உள்ள எறங்காது.

சாயங்காலம் நீ ஆபீஸ் போனை எடுத்துக்கினு பத்தடி தள்ளிப் போய் நிப்ப. ரெண்டு பேரும் கடலைப் பாக்குற மாதிரி உன் முதுகைப் பாத்துக்கினு இருப்பாங்க. ரூமுக்குக் குடுத்த காசு அந்த நேரத்துலதான் வீணாப் போவுது, கணக்குல எழுதிக்க.

எனக்கா? எனக்கு இன்னாத்துக்குப்பா கடலு, கெழவனுக்கு. முஸ்தபாவுல கோடாலித் தைலம் பெரிய பாட்டிலா நாலு வாங்கிக் குடுத்தனுப்பு. ரெண்டுன்னு உங்கம்மா கிட்ட சொல்லு, மீதி ரெண்டை உங்கப்பன் சட்டைக்குள்ள சுத்தி வெய்யி. உங்க பெரியம்மாவுக்குத் தெரியவேணாம்.