கழிவிலிருந்து இட்லி

"வீணாகும் பொருளில் விளையாட்டுச் சமையல் சாமான் செய்து வரவும்" என்று பள்ளி வாட்ஸ்அப்பில் வந்தால், அன்றைக்குத் திண்டிவனம் ஃபேன்ஸி ஸ்டோர்களுக்குத் தீபாவளி. தெர்மகோல் தட்டைப் புதிதாக வாங்கி, கழிவாக்கி, பிறகு இட்லியாக்குவார்கள். அந்தத் தட்டுக்கு 2019 ஜனவரி 1 முதலே தமிழ்நாட்டில் தடை. ஆக, இட்லிதான் போலி, விதிமீறல் அசல். அட்டைப்பெட்டிக்காகவே ஆன்லைனில் மிக்ஸி வாங்கும் விழுப்புரத்து அப்பாக்களும் உண்டு.

தெருவிலோ ஒரு வாண்டு, கொட்டாங்கச்சியில் ஈரமண்ணை அழுத்தி, தட்டிக் கவிழ்க்கிறது. விளிம்பு உடையாத இட்லி. தொட்டுக்கொள்ள, செங்கல்லை உரசியெடுத்த 'மிளகாய்ப்பொடி'. அதற்கு மார்க் கிடையாது. அம்மா ராத்திரி கண்விழித்துச் செய்த தெர்மகோல் இட்லிக்குத்தான் முதல் பரிசு: கடையில் வாங்கிய பிளாஸ்டிக் சமையல் செட்.