திறந்தால் நிற்காது, மூடினால் தங்காது

வடசென்னைக்காரன் என்றாலே இடுப்பில் கத்தி இருக்கும் என்று சினிமாக்காரர்கள் ஊரையே நம்ப வைத்துவிட்டார்கள். 2018-இல் ‘வடசென்னை’ படம் வந்த பிறகு, மாம்பலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் மச்சினர் காரைப் பூட்டிவிட்டுக் கைப்பிடியை இன்னொரு முறை இழுத்துப் பார்க்கிறார். உண்மை என்னவென்றால், எங்கள் தெருவில் சட்டைப்பையில் கத்தியோடு திரிந்த ஒரே ஆள் நான்தான். அந்தக் கத்தியும் இப்போது திறந்தால் நிற்காது, மூடினால் தங்காது.

கத்தி அப்பாவுடையது. சிவப்புப் பிடியில் வெள்ளைச் சிலுவை போட்ட சுவிஸ் விக்டோரினாக்ஸ். அப்பா துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தார். 1974-இல் கிரேக்கக் கப்பல் மாலுமி ஒருவன் அன்பளிப்பாகக் கொடுத்தான் என்பது அவர் கட்சி. “பர்மா பஜார்ல பேரம் பேசி வாங்குனாரு, பக்கத்துல நின்னேன் நானு” என்பது அம்மா கட்சி. பழைய பொருள் சேர்க்கிறவர்கள் முதலில் பூர்வீகம் கேட்பார்கள். எங்கள் கத்திக்குப் பூர்வீகம் இரண்டு.

கம்பெனிக்குப் பூர்வீகம் ஒன்றுதான். சுவிட்சர்லாந்தின் இபாக் என்கிற ஊரில் கார்ல் எல்செனர் 1884-இல் பட்டறை வைத்தார். 1891-இல் ராணுவத்துக்குக் கத்தி கொடுக்க ஆரம்பித்தார். 1897-இல் கார்க் திருகி, சின்ன பிளேடு எல்லாம் சேர்த்து அதிகாரிகளுக்கான கத்தியைப் பதிவு செய்தார். 1909-இல் அவர் அம்மா இறந்தபோது அம்மாவின் பெயரான விக்டோரியாவையே சரக்குக்கு வைத்தார். 1921-இல் துருப்பிடிக்காத எஃகு வந்ததும் ‘இனாக்ஸ்’ ஒட்டிக்கொண்டது. இதை நான் சொன்னபோது பக்கத்து வீட்டு அண்ணன், “அது தியேட்டர் பேராச்சே” என்றார். பிரெஞ்சில் துருப்பிடிக்காது என்றுதான் அதற்கு அர்த்தம். ஆனால் எங்கள் டோல்கேட் பக்கத்துக் கடற்காற்று பிரெஞ்சு படித்ததில்லை. எங்கள் ஜன்னல் கம்பியை இரண்டு வருஷத்தில் அப்பளமாக்கிய காற்று அது. கத்தியிலும் கீலோரமாகப் பழுப்பாக நாலு புள்ளி வைத்திருக்கிறது.

உடைத்தவன் நான். தீபாவளி முறுக்கு டப்பாவின் மூடி அதே உப்புக்காற்றில் துருவேறி இறுகிவிட்டது. ஸ்பூனால் நெம்பு என்று வீட்டில் சொன்னார்கள். ஐம்பது வருஷத்துக் கத்தி கையில் இருக்கும்போது ஸ்பூனாவது! பெரிய பிளேடைச் சொருகி ஒரு அழுத்து அழுத்தினேன். ‘டிக்’ என்று கேட்டது. மூடி திறந்த சத்தம் என்றுதான் நினைத்தேன்.

பெரிய பிளேடுக்கும் சின்ன பிளேடுக்கும் முதுகில் ஒரே ஸ்பிரிங். அது போனால் இரண்டும் சேர்ந்து தொங்கும். அதை மாற்ற வேண்டுமானால் பிடியைக் கழற்ற வேண்டும், ரிவெட்டுகளைத் தட்டி எடுக்க வேண்டும். அந்தப் பிடியில்தான் அப்பா சூடு காட்டிய ஊசியால் தன் டோக்கன் நம்பரை எழுதியிருக்கிறார்: 417. ஏழுக்கு இடம் போதாமல் விளிம்பில் ஏறி நிற்கும். துறைமுகத்தில் யாரும் சுட்டுவிடக் கூடாதென்று போட்ட நம்பர்.

கத்தி சேர்க்கும் நண்பருக்கு போட்டோ அனுப்பினேன். “நம்பர் கீறினது யாரு? அதுலயே பாதி மதிப்பு போச்சு. மீதியும் போகாம இருக்கணும்னா பாலீஷ் போடாதீங்க, தீட்டாதீங்க. கம்பெனிக்கு அனுப்பினா பிடியை மாத்திடலாம், பிளேடை மாத்திடலாம், புதுக் கத்தியே கூட வந்துடலாம்.” என்ன விலை போகும் என்றேன். ஆயிரம் ரூபாய் என்றார், அதையும் யோசித்துத்தான் சொன்னார்.

பக்கத்து வீட்டு அண்ணன் திருவொற்றியூர் என்ஃபீல்டு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் பழைய புல்லட் ஒன்று இருக்கிறது. டேங்க் மாற்றியாயிற்று, சைலன்சர் மாற்றியாயிற்று, பிஸ்டன் எத்தனையாவதென்று அவருக்கே கணக்கில்லை. “ஆர்.சி. புக்குல அதே வண்டிதான் தம்பி” என்றார். என் கத்திக்கு ஆர்.சி. புக் பிளேடின் அடியில் குத்தியிருக்கும் முத்திரைதான். அதைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, “அப்ப நம்பர் பிளேட்டை மட்டும் வச்சுக்கோ” என்றார்.

சரி, அனுப்பித்தான் பார்ப்போமே என்று கூரியர் கடைக்குப் போனேன்.

“பார்சல்ல இன்னா சார்?”

“கத்தி.”

“எங்கேர்ந்து சார் வரீங்க?”

“டோல்கேட்.”

பையன் பேனாவைக் கீழே வைத்தான். “கடைசியா எதுல சார் மாட்டிச்சு?”

“முறுக்கு டப்பால.”

அவன் நம்பவில்லை. நான் கத்தியை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

திரும்புகிற வழியில் சைக்கிளில் சாணைக்கல் கட்டிய பெரியவர் நின்றிருந்தார். கத்தியை ஒரே பார்வையில் எடைபோட்டார். “ரெண்டு ரிவெட்டைத் தட்டி, பழைய கடியார ஸ்பிரிங் ஒண்ணைச் சொருகி, சோக்கா ஆக்கிடலாம் நைனா. அம்பது ரூபா. சாணை ஓசி.” கையும் நீண்டது, கல்லும் சுற்ற ஆரம்பித்தது. ‘தீட்டாதீங்க’ என்ற நண்பர் முகம் நினைவுக்கு வர, நான் கத்தியைப் பிடுங்கிக்கொண்டு நடந்த வேகத்தைப் பார்த்து எதிரே வந்தவர்கள் ஒதுங்கினார்கள். மச்சினர் பார்த்திருந்தால் சினிமாவை மெச்சியிருப்பார்.

சாயங்காலம் பட்டினத்தார் சமாதிப் பக்கம் போய் உட்கார்ந்தேன். திருவொற்றியூரில் கடல் பக்கம் இருக்கிறது. காது போன ஊசி ஒன்றைப் பார்த்த மாத்திரத்தில் கப்பல் வியாபாரம், வீடு, சொத்து எல்லாவற்றையும் உதறியவர் என்று அவர் கதை சொல்லும். அவருக்கு ஊசியில் வந்த தெளிவு எனக்குக் கத்தியில் வரும் என்று அரை மணி நேரம் காத்திருந்தேன். கொசுதான் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, “இன்னாங்க முடிவு பண்ணீங்க?” என்றாள். அனுப்பவில்லை என்றேன். மதிப்பு போய்விடுமே என்று காரணம் சொன்னேன். ஆயிரம் ரூபாய் மதிப்பு என்று சொல்லவில்லை. 417 பற்றியும் சொல்லவில்லை, அவளே அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சமையற்கட்டிலிருந்து ரப்பர் பேண்டு ஒன்றை எடுத்து வந்து, பிளேடு தொங்காமல் இரண்டு சுற்றுச் சுற்றிக் கொடுத்தாள்.

கத்தி பீரோவில் இருக்கிறது. பொங்கலும் போய்விட்டது, முறுக்கு டப்பா இன்னும் திறக்கவில்லை.