முதிர்ந்த சிஷ்யர்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் மார்க்கமாகப் போகும் மாலை வண்டியில் வழக்கமாகப் பிரயாணம் செய்கிறவர்கள், வெள்ளிக்கிழமைகளில் மட்டும் முதுகில் ஓர் ஆள் உயரக் கறுப்பு உறையைச் சுமந்துகொண்டு, அதைக் கழற்றி மேல்தட்டில் வைக்க மனம் வராமலும், வைத்துக்கொண்டே ஆசனத்தில் சாய முடியாமலும், ஜன்னலோரத்தில் நுனி ஒட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு கனவானைக் கண்டிருக்கக்கூடும். வயது 53, அரசாங்க அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளர், மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒருமுறை பார்த்தாரானால் இளநிலை உதவியாளர்கள் கையிலிருந்து கோப்பு நழுவும் என்பது பிரசித்தம். அவருக்கு எதிர் ஆசனம் பல வருஷங்களாக என்னுடையது.

அந்த உறைக்குள் இருப்பது இன்னதென்பதில் பெட்டியில் நெடுநாள் அபிப்பிராய பேதம் நிலவியது. விக்கிரவாண்டியில் ஏறும் குடியானவர் ஒருவர், "மருந்தடிக்கிற மெஷினுங்களா சார், பேட்டரியா, கைப்பம்பா?" என்று விலை விசாரித்தார். பூக்கூடைக்கார அம்மாள் வீணை என்று தீர்மானித்து, அதன்மேல் கால் பட்டுவிட்டதற்காக இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். கல்லூரிப் பையன்கள் மட்டும் ஒரே பார்வையில், "கிடாருடா மச்சான்!" என்றார்கள், என் நண்பர் அஞ்சியதும் அந்த ஒரு குரலுக்குத்தான். திண்டிவனத்தில் தெரு முழுக்கத் தெரிந்த முகமாக இருப்பதனால்தான், பாட்டு வகுப்பை உள்ளூரில் வைத்துக்கொள்ளாமல், சுமார் 37 கிலோமீட்டர் தள்ளி விழுப்புரத்தில் ரகசியமாக ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். ரகசியத்தை முதுகில் கட்டிக்கொண்டு ரயில் ஏற வேண்டியிருக்கும் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

இவரைத் தனி மனிதர் என்று எண்ணிவிடலாகாது. இவர் ஓர் இனம். பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்து, வீட்டுக் கடன் தீர்ந்து, இரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்து நின்றுகொண்டு உள்ளே வரலாமா என்று கேட்கும் பருவத்தில், ஆண்மக்களில் சிலர் ஆன்மிகத்துக்கும், சிலர் மாடித் தோட்டத்துக்கும், எஞ்சிய துர்ப்பாக்கியசாலிகள் சங்கீதத்துக்கும் போகிறார்கள். என் நண்பருக்குக் கிடார் வித்து விழுந்தது 1982ஆம் வருஷத்தில். 'பயணங்கள் முடிவதில்லை' படத்தை டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்த சிறுவன், இளையராஜாவின் கிடார் தனித்துப் பேச ஆரம்பித்த இடத்தில் கையிலிருந்த வேர்க்கடலையை மறந்தானாம். திண்டிவனத்தான் ஒருவன் வேர்க்கடலையை மறப்பது சாமானியமல்ல. அவ்வூர் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த 'டி.எம்.வி.' ரகங்களைப் பயிரிட்டுத்தான் தமிழ்நாட்டு மானாவாரி நிலம் பாதி வயிறு வளர்த்தது.

"இந்த வயதில் இது தேவையா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் கைவசம் ஓர் உதாரணம் இருந்தது. 1890ஐ ஒட்டி, நோயுற்ற தாயாருக்குத் துணையாக அமெரிக்காவிலிருந்து வந்த ஐடா ஸ்கடர் என்ற பெண், திரும்பிப் போகிற எண்ணத்தோடேயே இருந்தவர், ஒரே இரவில் மனம் மாறி வைத்தியம் படிக்கத் தீர்மானித்தது இதே திண்டிவனத்தில்தான். 1900இல் ஒற்றைக் கட்டிலோடு வேலூரில் அவர் தொடங்கியது இன்று எத்தனை பெரிய ஆஸ்பத்திரி என்று பாரும், இந்த ஊர் மண்ணுக்கு மனுஷனை ஒரே ராத்திரியில் மாற்றுகிற குணம் உண்டு என்பார். அந்த அம்மணிக்கு அப்போது இருபது சொச்சம் வயது என்று நான் நினைவூட்டினால், ஜன்னலுக்கு வெளியே முண்டியம்பாக்கத்துச் சர்க்கரை ஆலையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

குருவாக வாய்த்தவனுக்கு வயது 19. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்திலும் முகூர்த்த நாட்களில் கல்யாண மண்டபங்களிலும் வாசிக்கிற கல்லூரிப் பையன். முதல் நாள் விஜயதசமி. நண்பர் தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், மேலே ஆயிரத்தொரு ரூபாய் வைத்து நீட்டி, குனிந்து வணங்கவும் முற்பட்டபோது, பையன் பதறிப் பின்வாங்கிச் சுவரில் முட்டிக்கொண்டு, "அங்கிள், வேண்டாம் அங்கிள், ஜிபே பண்ணுங்க போதும்" என்றானாம். அன்றைக்கு ஆரம்பித்த சம்போதனைச் சிக்கல் பல மாதம் தீரவில்லை. இவர் அவனை 'மாஸ்டர்' என்பார்; அவன் இவரை 'அங்கிள்' என்பான். குரு தன்னை மாமா முறை கொண்டாடுவது சாஸ்திர விரோதமாகப் பட்டதால், 'சார்' என்று அழைக்கும்படி இவர் வேண்டிக்கொள்ள, ஸ்வரம் தப்பும்போதெல்லாம் அவன், "சார், தப்பு சார்" என்று சொல்ல, அது அலுவலகத்தில் உதவியாளர்கள் சொல்லத் துணியாத வாக்கியத்தை ஒத்திருந்ததால் இவருக்குத் தூக்கிவாரிப் போட, கடைசியில் 'தம்பி மாஸ்டர்' என்றும் 'அங்கிள் சார்' என்றும் இரு தரப்பும் சமாதானத்துக்கு வந்தன.

இவ்வினத்தாருக்குரிய முதல் லட்சணம், வாசிப்பதற்கு முன்பே வாசிப்பைப் பற்றிய சகலமும் அறிந்திருப்பது. இரண்டு விரலால் பிடிக்கக்கூடிய ஈ மைனர் ஒன்றைத் தவிர வேறெதுவும் கைவசமாகாத காலத்திலேயே, மேற்பலகைக்கு ஸ்ப்ரூஸ் ஏன் சிலாக்கியம், அடிப்பலகைக்கு மஹாகனியைவிட நம் நாட்டு ஈட்டி மரம் எவ்விதத்தில் உயர்ந்தது என்பவற்றை விக்கிரவாண்டி முதல் மயிலம் வரை விஸ்தாரமாக எடுத்துரைப்பார். ஈட்டிக்குத் தோதகத்தி என்றும் பெயர் உண்டு என்று தெரிந்துகொண்ட அன்று இரவு, மாமனார் சீதனமாகத் தந்த தோதகத்திக் கட்டிலின் தலைமாட்டை விரல் முட்டியால் தட்டித் தட்டி நாதம் பரீட்சித்திருக்கிறார். தூக்கத்திலிருந்து எழுந்த சம்சாரம், "கரையான் பிடிச்சிருக்கா?" என்று கேட்டு விளக்கைப் போட்டாள்.

தர்க்கத்திலும் அவரை ஜெயிக்க முடியாது. அந்நிய வாத்தியமாயிற்றே என்றால், பிடிலும் அந்நிய வாத்தியம்தானே, முத்துஸ்வாமி தீக்ஷிதரின் தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர் அதை எடுத்து நம்முடையதாக்கவில்லையா என்பார். ஸி மேஜர் என்பது சாக்ஷாத் சங்கராபரணம் என்பார். வீணைக்கு இருபத்து நான்கு மெட்டு, மெழுகில் பதித்தது. கிடாருக்கு மெட்டு மரத்திலேயே அறைந்தது என்பார். எல்லாம் வாஸ்தவம். ஆனால் சங்கராபரணத்தின் ஏழு ஸ்வரங்களில் நாலாவதைத் தாண்டி அவர் போனதை நான் கேட்டதில்லை.

இரண்டாவது லட்சணம் விரல் நுனி. எஃகுக் கம்பியை அழுத்தி அழுத்தி இடக்கை விரல்கள் முதலில் சிவந்து, பிறகு கொப்பளித்து, தோல் உரிந்து, கடைசியில் காய்த்துப் போகும். திண்டிவனத்துக்குத் தெற்கே திருவக்கரையில் மரங்கள் கல்லாய்ச் சமைந்து கிடக்கின்றன. அவற்றுக்கு வயது இரண்டு கோடி ஆண்டு என்கிறார்கள் புவியியலார். என் நண்பரின் விரல்களுக்கு நாற்பது நாள் போதுமானதாயிருந்தது.

இதன் பெருமை வெளிப்பட்ட இடம் ரேஷன் கடை. வலக்கைக் கட்டைவிரலில் காய் நறுக்கிய காயத்துக்குப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தபடியால், அன்று இடக்கைச் சுட்டுவிரலை இயந்திரத்தில் வைத்தார். விழவில்லை. துடைத்துவிட்டு வைத்தார். விழவில்லை. பக்கத்து விரலை வைத்தார், அதுவும் விழவில்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது. விற்பனையாளர் அந்தக் கையைத் திருப்பி, நுனியைத் தடவிப் பார்த்துவிட்டு, அனுதாபத்தோடு, "ரேகையே தேஞ்சு போச்சே. கட்டட வேலையா சார்?" என்று கேட்டார்.

வேறொருவராயிருந்தால் மனம் நொந்திருப்பார். நண்பரோ பையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அரிசியில்லாமல், ஏறக்குறைய ஓட்டமாக வீட்டுக்கு வந்து, "ரேகை விழலை!" என்று பரீட்சையில் தேறிய பையன் மாதிரி அறிவித்தார். உலகம் முதன்முதலாக அவரைக் கிடார்க்காரராக அங்கீகரித்திருக்கிறது என்பது சம்சாரத்துக்கு விளங்கவில்லை. அந்த அம்மாள் அடுப்பைக் குறைத்துவிட்டு, தானே போய், இருபது வருஷம் இட்லிமாவு வழித்துத் தள்ளியும் தேயாத தன் கட்டைவிரலை வைத்து, அரிசி, பருப்பு, பாமாயில் சகிதம் திரும்பிவந்தாள்.

இனி, எஃப்.

கிடார் கற்கிற ஒவ்வொருவர் ஜாதகத்திலும் சனி இருக்கும் கட்டத்துக்கு எஃப் என்று பெயர். நடுவிரல் இரண்டாம் மெட்டிலும், மோதிர விரலும் சுண்டுவிரலும் மூன்றாம் மெட்டிலும் தத்தம் காரியத்தைக் கவனிக்க, சுட்டுவிரல் முதல் மெட்டில் ஆறு கம்பிகளின் மேலும் குறுக்கே நீட்டிப் படுத்து, ஒரு கம்பியையும் விடாமல் ஒரே சீராக அழுத்த வேண்டும். சிறுவர்கள் இரண்டொரு மாதத்தில் கடந்துவிடும் இந்தக் கண்டத்தில் என் நண்பர் ஒன்றரை வருஷமாக அகப்பட்டிருக்கிறார். வயதின் கோளாறு என்றார் தம்பி மாஸ்டர். எனக்கு வேறு அபிப்பிராயம் உண்டு. இருபத்தெட்டு வருஷ உத்தியோகத்தில் அந்த விரல் செய்திருப்பதெல்லாம் சுட்டிக் காட்டுவது ஒன்றுதான்: "இந்தப் பத்தியில் ஏன் தேதி இல்லை?" "அந்தக் கோப்பு ஏன் இன்னும் மேசையில் இருக்கிறது?" நிமிர்ந்து நின்று அதிகாரம் செய்தே பழகிய ஆட்காட்டி விரலை, திடீரென்று ஒரு நாள் ஆறு கம்பிகளுக்கு முன் சாஷ்டாங்கமாக நமஸ்காரம் பண்ணு என்றால், அது எப்படி இணங்கும்? முட்டி மடங்கிக்கொள்கிறது. மூன்று கம்பி ஒலிக்கிறது. மூன்று கம்பி, தகர டப்பாவில் கரண்டி விழுந்ததுபோல் 'டக்'கென்று செத்துப் போகிறது.

மனம் தளர்ந்த வாரங்களில் நான் அவருக்குச் சிவாஜியை ஞாபகப்படுத்துவதுண்டு. வி.சி.கணேசன் என்ற பெயரின் முதலெழுத்தாக விழுப்புரத்தையே சுமந்த அந்த மகாநடிகர், 1968இல் 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் சிக்கல் சண்முகசுந்தரமாக நாகஸ்வரத்தைத் தூக்கியபோது, கன்னம் உப்பியதும் கழுத்து நரம்பு புடைத்ததும் அவருடையவை; நாதம் மதுரை எம்.பி.என்.சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. வாத்தியத்தை ஏந்துவதற்கே ஒரு கலை உண்டென்று காட்டிவிட்ட ஊரில், ஏந்துகிற அளவுக்காவது நீர் தேறிவிட்டீரே என்றேன். அவர் ரசிக்கவில்லை. ஆனால் மறுவாரம், நிலைக்கண்ணாடி முன் நின்று பழகினால் முதுகு நேராக நிற்கிறது என்று ஒப்புக்கொண்டார்.

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பின்னால் வரும் எக்ஸ்பிரஸுக்கு வழிவிடுவதற்காகப் பேரணி ஸ்டேஷனில் எங்கள் வண்டியை நிறுத்திவைத்தார்கள். பெட்டியில் கூட்டம் குறைந்திருந்தது. முண்டியம்பாக்கத்தில் ஏறிய பெரியவர் ஒருவர், காலி தூக்குப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, உறையையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மகளுக்கு ஆஸ்பத்திரியில் பிரசவமாகிப் பேரன் பிறந்திருக்கிறானாம். தினமும் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்புகிறவர்.

"இன்னா சாமி அது? தொறந்து காட்டேன்."

நண்பர் என்னைப் பார்த்தார். கல்லூரிப் பையன்கள் இல்லை என்று சுற்றிலும் உறுதிப்படுத்திக்கொண்டார். உறையின் ஜிப்பை இழுத்தார். சுருதி பார்க்கிற கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்திருந்தபடியால், துணிந்து அப்படியே ஒரு ஈ மைனரை மீட்டினார். பெரியவர் பல்வலி வந்தவர்போல் கண்ணை மூடிக்கொண்டார்.

"அடியிலேருந்து ரெண்டாவது கம்பி எறங்கி நிக்குது சாமி."

நாற்பது வருஷம் தெருக்கூத்துக்கு ஆர்மோனியம் வாசித்தவராம். திரௌபதியம்மன் கோவில் வசந்த விழாக்களில் விடிய விடியப் பாரதக் கூத்து நடக்கும் பிரதேசம் இது. இரவெல்லாம் ஒரே சுருதியில் ஊன்றி நின்ற காது. அவர் வாயால் ஒரு நாதம் கொடுத்தார். நண்பர் முறுக்காணியைத் திருகினார். "இன்னும்... இன்னும் கொஞ்சம்... நில்லு!" என்றார் பெரியவர். அந்த இடத்தில் ஆறு கம்பியும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டதுபோல் பெட்டி முழுவதும் கணகணத்தது. கழிவறைப் பக்கம் நின்றிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

பெரியவர் குஷியாகி, கூத்துப் பாட்டு ஒன்று எடுக்கப் போவதாகவும், கூட வாசிக்கும்படியும் சொன்னார். நண்பர் முகத்தில் எஃப் பயம் தெரிந்தது. எந்தக் கார்டு பிடிக்கவேண்டும் என்று மெல்லிய குரலில் கேட்டார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது சாமி. அந்தத் தடிக் கம்பிய மட்டும் நிறுத்தாம தட்டிக்கினே இரு. வேற ஒண்ணியும் செய்யாத."

இடக்கைக்கு வேலையில்லை. காய்ப்பேறிய நான்கு விரல்களும் தொடையின்மேல் சும்மா கிடந்தன. வலக்கைக் கட்டைவிரலால் தடித்த கம்பியைத் தட்டிக்கொண்டு, கண்ணைக்கூட இமைக்காமல், அரசாங்கத்துக்குத் தணிக்கை அறிக்கை எழுதும்போது இருக்கும் சிரத்தையைவிட அதிக சிரத்தையோடு, பேரணியில் வண்டி நின்றிருந்த பதினெட்டு நிமிஷமும், பிறகு அது நகர்ந்து மயிலம் வந்து சேரும் வரையிலும் நண்பர் தட்டிக்கொண்டேயிருந்தார். பெரியவர் பாண்டவர்களை வனவாசம் அனுப்பிவிட்டுத் தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"நாளைக்கும் இதே வண்டிலதான் வருவேன். நீ வருவியா சாமி?"

மறுநாள் சனிக்கிழமை. அலுவலகம் கிடையாது, வகுப்பும் கிடையாது.

"வருவேன்" என்றார் நண்பர்.