பிஸ்கட் தீரும்வரை உட்காரும்!

கேள்வி: செல்லப் பிராணிகளைப் பாஸ்டலில் வரையும் ஓவியர்களுக்கு நாயும் பூனையும் அசையாமல் உட்கார்ந்து கொடுக்குமா?

பதில்: பிஸ்கட் தீரும்வரை உட்காரும்!

அதனால்தான் பெரும்பாலான ஓவியர்கள் போட்டோவைப் பார்த்து வரைகிறார்கள். ஃப்ளாஷ் கூடாது, கண்ணின் நிறமே மாறிவிடும். நாயின் கண்மட்டத்துக்குக் குனிந்து, ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த படமே கைகொடுக்கும்.

பலரும் முதலில் முடிப்பது கண்ணைத்தான். அடுத்தது ரோமம்: அடியில் அடர்நிறம், மேலே வெளிர்நிறம், முடி படியும் திசையிலேயே ஒவ்வொரு கோடும். கறுப்பு லாப்ரடாருக்குக்கூட நீலமும் ஊதாவும் வேண்டும். வெறும் கறுப்பை அப்பினால் நாய் மறைந்து நிழல்தான் மிஞ்சும்.

பாஸ்டல் பொடி விரல் பட்டால் கலையும். ஆகவே கண்ணாடி ஓவியத்தில் உரசாதபடி இடைவெளி விட்டு ஃப்ரேம் போடுவார்கள். அப்படிப் பேணினால் தலைமுறைகள் தாங்கும். பிரெஞ்சு ஓவியர் பெர்ரோனோ 18ஆம் நூற்றாண்டில் பாஸ்டலில் தீட்டிய பூனைக்குட்டியும் அதை ஏந்திய சிறுமியும் இன்றும் லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறார்கள்.